பட்டியலில் வல்லாரை இல்லை

வயதான காலத்தில் மூளை தெளிவாக இருக்க என்ன செய்யலாம் என்று நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள். வல்லாரைக் கீரை என்பார் ஒருவர். ராத்திரி ஊறவைத்த பாதாமைக் காலையில் தோலுரித்துச் சாப்பிடச் சொல்வார் இன்னொருவர். பக்கத்தில் பேரன் இருந்தால் தாத்தாவின் போனில் சுடோகு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். இவற்றை நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் வல்லாரைத் துவையல் உண்டு. ஆனால் மறதிநோய் (டிமென்ஷியா) பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்து நிபுணர்கள் தயாரித்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் கீரையும் இல்லை, பாதாமும் இல்லை, சுடோகுவும் இல்லை.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு அது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கில் லிவிங்ஸ்டன் தலைமையில் 2017 முதல் இந்தப் பட்டியலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வருகிறார்கள். மறதிநோய்க்கு வழிவிடுகிற, ஆனால் மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியல். முதலில் 9 காரணங்கள் இருந்தன. 2020இல் 12 ஆயின. 2024 ஜூலையில் 14. கடைசியாகச் சேர்ந்த இரண்டு, நடுவயதில் ஏறும் கெட்ட கொழுப்பும், சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறையும். இந்தப் பதினான்கையும் அடியோடு நீக்க முடிந்தால் உலகில் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இந்த 45 என்ற எண்ணைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் எனக்கு வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறையும்' என்று அதற்கு அர்த்தமில்லை. அது ஒரு மக்கள் கூட்டத்துக்கான கணக்கு. உங்களுக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. மீதியில் வயதுக்குப் பெரிய பங்கு, பரம்பரைக்கு ஒரு பங்கு. நடைப்பயிற்சியை ஒரு நாளும் தவறவிடாதவருக்கும் மறதிநோயில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வரலாம்; அதற்காக அவரையோ அவர் குடும்பத்தையோ யாரும் குற்றம் சொல்லக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'அவர் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை, அதான் இப்படி' என்று நோயாளி காதுபடவே பேசுகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பட்டியலில் அதிகப் பங்கு எதற்கு? காது கேட்கும் திறன் குறைவுக்கு 7 சதவீதம். கெட்ட கொழுப்புக்கும் அதே 7. அடுத்து, சின்ன வயதில் படிப்பு கிடைக்காமல் போனதற்கும் முதுமைத் தனிமைக்கும் 5, 5. மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு ஒவ்வொன்றுக்கும் 3. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடலசைவு இல்லாமை, பார்வைக் குறை ஒவ்வொன்றுக்கும் 2. உடல் பருமன், அளவு மீறிய குடி இரண்டுக்கும் ஒவ்வொன்று. இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பிரித்துப் பங்கு போடும்போது சில எண்கள் சிறுத்துப் போகும். அதனால் பிரஷருக்கு வெறும் 2தானே என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எண்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மூளையைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி மண்டைக்கு வெளியே நடக்கிறது: காதில், ரத்தக்குழாயில், பள்ளிக்கூடத்தில், வாசல் திண்ணையில்.

முதலில் காது. எங்கள் பெரியப்பா எழுபது வயது வரை ஊர்ப் பேச்சு எது நடந்தாலும் நடுவில் உட்கார்ந்தவர். அப்புறம் மெல்லப் பின்வாங்கினார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த கையோடு கிளம்பிவிடுவார். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஏதாவது கேட்டால் சிரிப்பார், இல்லையென்றால் 'ஆமா ஆமா' என்பார். பெரியப்பாவுக்கு நினைவு தப்புகிறதோ என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம். உண்மையில் அவருக்குப் பாதிப் பேச்சு காதில் விழவேயில்லை. விழாத பேச்சை எப்படி நினைவில் வைத்திருப்பார்? காது மெஷின் வாங்கலாம் என்றதற்கு, 'நான் செவிடன்னு ஊருக்குத் தண்டோரா போடணுமா?' என்று கோபித்துக்கொண்டார். நாற்பது வயதில் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள அவர் கூசவில்லை.

காது மந்தமானால் மூளைக்கு ஏன் கேடு? மூன்று விளக்கங்கள் சொல்கிறார்கள். அரைகுறையாகக் கேட்ட சொற்களை ஊகித்து நிரப்பவே மூளையின் சக்தி போய்விடுகிறது. நினைவில் பதிக்க மிச்சம் இல்லை. ஒலி வந்து சேராத பகுதிகள் வேலையில்லாமல் தேய்கின்றன. மூன்றாவது, பெரியப்பா செய்தது: ஆள் கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுகிறார். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பெரும்பாலும் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

மெஷின் போட்டால் பலன் உண்டா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குள் இருந்த 977 பேரை வைத்து மூன்று வருடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பாதிப்பேருக்குக் காது மெஷின், மறுபாதிக்குப் பொதுவான ஆரோக்கிய வகுப்பு. மொத்தமாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் ஆய்வு ஒன்றில் இருந்து வந்தவர்கள் ஒரு தனிக் குழுவாக இருந்தார்கள். வயதும் கூடுதல், பிரஷர் சுகர் போன்ற தொல்லைகளும் கூடுதல். அவர்களிடம் மட்டும் பார்த்தால், மெஷின் போட்டவர்களின் அறிவுத்திறன் தேய்வு மூன்று வருடத்தில் 48 சதவீதம் குறைந்திருந்தது. செய்தித்தாள்கள் இந்த 48ஐ மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. நேர்மையாகச் சொன்னால், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் தெரிகிறது, நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று வருடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனாலும் மெஷினால் மூளைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. பேரப்பிள்ளை பேசுவது கேட்கும் என்ற ஒன்றுக்காகவே போட்டுக்கொள்ளலாம்.

இதில் வீட்டார் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முதல் நாள் மெஷினை மாட்டியதும் எல்லா ஓசையும் இரைச்சலாகத்தான் இருக்கும்: மிக்சி, பாத்திரம், பைக் ஹார்ன். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே 'இது சரிப்படாது' என்று கழற்றி அலமாரியில் போட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. தினம் ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒரே ஒருவருடன் பேச்சு என்று தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டினால் பழகிவிடும். காசு இல்லை என்பவர்களுக்கு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் காது மெஷின், கண்ணாடி, கைத்தடி, பல்செட் எல்லாம் இலவசமாகக் கொடுக்கும் மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டம் 2017 முதல் இருக்கிறது. எதற்கும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் காதைக் காட்டுங்கள். எங்கள் பெரியப்பாவை ஒருவழியாக அழைத்துப் போனபோது, ஒரு காதில் கல்போல இறுகிக் கிடந்த குறும்பியை எடுத்ததிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து ரத்தக்குழாய். நம் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது. சேமித்து வைக்க இடமில்லை. நொடிக்கு நொடி ரத்தம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் குழாய்களில் கடைசிக் கிளைகள் முடியை விட மெல்லியவை. பிரஷர் வருடக்கணக்கில் ஏறியிருந்தால் இந்தக் கிளைகள்தான் முதலில் தடித்து அடைபடும். பெரிய பக்கவாதம் வந்தால் ஊருக்கே தெரியும். கடுகளவு இடம் ரத்தமில்லாமல் சாகும்போது யாருக்கும் தெரியாது, சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. இப்படிப் பத்து இருபது இடம் சேர்ந்த பிறகு ஒருநாள், ஐம்பது வருடமாகச் சமைத்த அம்மாவுக்குப் புளிக்குழம்பில் எதற்குப் பின் எது என்று குழம்பும். இறந்தபின் மூளையை ஆய்ந்து பார்க்கிறபோது, பல முதியவர்களிடம் அல்சைமரின் புரதப் படிவும் குழாய்ச் சேதமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. அல்சைமர் படிவை நம் பழக்கத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. குழாயைக் காக்க முடியும்.

எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவின் 'ஸ்பிரின்ட் மைன்ட்', 9,361 பேர், முடிவு 2019இல். மேல் பிரஷரை 140க்குக் கீழே வைப்பது போதுமா, 120க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா என்று பார்த்தார்கள். 120 தரப்பில் லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதிநோய் விஷயத்தில் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. இரண்டாவது ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சீனாவின் 326 கிராமங்களில், 40 வயது தாண்டிய, பிரஷர் உள்ள 33,995 பேர். பாதிக் கிராமங்களில் 'கிராம மருத்துவர்' என்று அழைக்கப்படும், முழு மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு பிரஷரைப் பார்த்து, மலிவான மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து, அளவை இறக்கினார்கள். நான்கு வருடத்தில் அந்தக் கிராமங்களில் மறதிநோய் 15 சதவீதம் குறைவாக இருந்தது. 2025இல் வந்த முடிவு இது. புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை. பழைய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைத்தார்கள்.

படித்ததும் எனக்கு நம்மூர் 'மக்களைத் தேடி மருத்துவம்' நினைவுக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்குமான திட்டமாகத்தான் எல்லாரும் பேசுகிறோம். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்கிற பெண், சீனக் கணக்குப்படி பார்த்தால், மறதிநோய்த் தடுப்புப் பணியாளரும்கூட. தடையாக இருப்பது நம் பழக்கம். 'தலை சுத்தல் ஒண்ணும் இல்லையே, பிரஷர் நார்மலாத்தான் இருக்கும்' என்று மாத்திரையை நாமே நிறுத்துவது. பிரஷர் பெரும்பாலும் சத்தம் போடாது. கருவி சொன்னால்தான் தெரியும். இன்னொன்று, எழுபதில் பார்ப்பதை விட நாற்பத்தைந்தில் பார்ப்பதுதான் மூளைக்கு முக்கியம். நடுவயதில் கேட்பாரில்லாமல் ஓடிய பிரஷரும் சுகரும் கொழுப்பும்தான் முதுமையில் கணக்குக் கேட்கின்றன. மிக முதிய வயதில் பிரஷரை அளவுக்கு மீறி இறக்கினால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்து விழும் ஆபத்தும் உண்டு, அதனால் எண் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, எனக்கு இந்தத் துறையிலேயே மிக ருசியான பகுதி. ஒரே அளவு நோய், இருவர் மூளையில். ஒருவர் வீட்டு வழி தெரியாமல் நிற்கிறார், மற்றவர் வங்கிக் கணக்கைத் தானே பார்க்கிறார். எப்படி?

அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் 1986இல் தொடங்கிய கன்னியாஸ்திரிகள் ஆய்வில் 678 பேர் கலந்துகொண்டார்கள். வருடாவருடம் நினைவுச் சோதனைக்கு உட்பட்டார்கள்; இறந்தபின் மூளையைத் தானமாகத் தந்தார்கள். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, புகை இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. ஆய்வாளருக்கு இதைவிட வசதியான கூட்டம் கிடைக்காது. அவர்களில் மேரி என்ற சகோதரி 101 வயதில் இறந்தார். கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமரின் படிவும் முடிச்சும் நிறைய இருந்தன. நோய் இருந்தது, நோயாளி இல்லை. இளம் வயதில் மடத்தில் சேரும்போது எழுதிய தன்வரலாற்றுப் பக்கங்களையும் ஸ்நோடன் தேடி எடுத்தார். ஒரே வாக்கியத்தில் பல கருத்துகளை அடர்த்தியாகக் கோத்து எழுதிய பெண்களுக்கு அறுபது வருடம் கழித்து அல்சைமர் குறைவாக இருந்தது. இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர் பிள்ளைகளை நீளமான வாக்கியம் எழுதப் பழக்கப் போவதாகச் சொன்னார். அது அப்படி வேலை செய்யாது. எழுத்து அடையாளம், காரணம் வேறெங்கோ.

இந்தத் தாங்குதிறனை அறிவுச் சேமிப்பு என்கிறார்கள். படித்தது, பழகியது, செய்த வேலை, பேசிய மொழி எல்லாம் சேர்ந்து மூளையில் மாற்றுப் பாதைகளைப் போட்டு வைக்கின்றன. ஒரு சாலை அடைபட்டால் சந்து வழியாகப் போகலாம். நெடுஞ்சாலை ஒன்றே இருக்கிற ஊர் சீக்கிரம் முடங்கும்.

நமக்கு மிக நெருங்கிய சான்று ஹைதராபாத்தில் கிடைத்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய்க்கு வந்த 648 பேரின் கோப்புகளை ஆராய்ந்தார்கள். ஒரே மொழி பேசுபவர்களை விட இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது. 2013இல் வெளியானது. கனடாவில் இதேபோல் முன்பு ஒரு ஆய்வு வந்தபோது, அங்கே இரண்டு மொழி பேசுபவர்கள் பெரும்பாலும் குடியேறிவந்தவர்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஆட்சேபம் எழுந்தது. ஹைதராபாத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தெலுங்கு, உருது, ஹிந்தி எல்லாம் ஒரே தெருவில் புழங்குகிற ஊர். படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே வித்தியாசம் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. காய்கறிச் சந்தையில் நாலு மொழியில் பேரம் பேசுகிற எழுத்தறியாப் பாட்டிக்கும் மூளைச் சேமிப்பு உண்டு. மூன்று மொழி தெரிந்தால் இன்னும் அதிகமா என்றால், அப்படி ஒன்றும் தெரியவில்லை. இரண்டோடு பலன் நின்றுவிட்டது. இருமொழிப் பலன் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓசூரிலும் கோவையிலும் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள், இலங்கை மலையகத்தில் தமிழும் சிங்களமும் கலந்து வேலை பார்ப்பவர்கள், இவர்கள் எல்லாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

படிப்புக்கு 5 சதவீதம் என்று பட்டியல் சொன்னதன் பின்னணியும் இதுதான். இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023இல் ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடம் அதிகம், கிராமங்களில் அதிகம். எழுபது வருடம் முன்பு எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் மாடு மேய்க்கவும் தம்பியைத் தூக்கவும் வைத்தோமோ அந்தப் பிள்ளை இன்று பாட்டி. இதற்கு அவர் இப்போது எந்த 'வாழ்க்கை முறை மாற்றமும்' செய்து ஈடுகட்ட முடியாது. பழக்கவழக்கம் பற்றிய அறிவுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இது. பாதி விஷயம் தனிமனிதர் கையில் இல்லவே இல்லை. விறகடுப்புப் புகையும் பேருந்துப் புகையும்கூட அப்படித்தான்.

தனிமைக்கு வருவோம். வெளிநாட்டில் பிள்ளைகள், அடுக்குமாடியில் பெற்றோர், வாட்ஸ்அப்பில் 'குட் மார்னிங்' படம். படம் அனுப்புவது உறவாடல் ஆகாது. ஒருவருடன் உட்கார்ந்து பேசும்போது மூளை செய்கிற வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: முகத்தைப் படிக்கிறது, குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கிறது, பழைய கதையைத் தோண்டி எடுக்கிறது, என்ன சொல்லலாம் என்ன சொல்லக் கூடாது என்று அளக்கிறது, சிரிப்பை நேரம் பார்த்து விடுகிறது. எந்தச் செயலியும் இத்தனை பயிற்சியை ஒரே சமயத்தில் தராது. திண்ணை வம்பை யாரும் மூளைப் பயிற்சி என்று விற்காததால் அதன் மதிப்பு நமக்குத் தெரியவில்லை.

சுடோகு விஷயம் என்ன ஆயிற்று என்றால், சுடோகு போடப் போட சுடோகுவில் கைதேர்ந்துவிடுவோம். அந்தத் திறமை பால் கணக்கிலும் மருந்து நேரத்திலும் வந்து உதவுமா என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. பிடித்திருந்தால் போடுங்கள். புதிதாக ஒன்றைத் தடுமாறித் தடுமாறிக் கற்பது அதைவிட மேல் என்பது என் கட்சி. அறுபத்தைந்தில் மிருதங்கம் பழகுகிற ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்குத்தான் சோதனை.

நடை பற்றி நீட்டத் தேவையில்லை. உட்கார்ந்தே பழகிய 120 முதியவர்களில் பாதிப்பேரை ஒரு வருடம், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடக்கவிட்டார்கள் அமெரிக்காவில். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி 2 சதவீதம் பெருத்தது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த தரப்பில் அது 1.4 சதவீதம் சுருங்கியது. 2011இல் வந்த முடிவு. சின்ன ஆய்வு, பிறகு வந்தவை எல்லாம் இவ்வளவு அழகாக இல்லை. ஆனால் நடை பிரஷரையும் சுகரையும் தூக்கத்தையும் ஒரே சமயத்தில் சரிசெய்வதால், மூளைக்கு நேர்வழியில் போகாவிட்டாலும் சுற்றுவழியில் போய்ச் சேருகிறது. ஒரே ஒரு நிபந்தனை, மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். பார்க்கில் அரசியல் பேசிக்கொண்டே ஆற அமர நடப்பது தனிமைக்கு மருந்து, ரத்தக்குழாய்க்கு அவ்வளவு இல்லை.

சாப்பாடு? கீரை, பருப்பு, மீன், கொட்டை வகை என்று மூளைக்காகவே வடிவமைத்த 'மைன்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். சாதாரணமாகச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்ட தரப்புக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023இல் தெரிந்தது. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரையை 3,069 முதியவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, 2008இல் பலனில்லை என்று முடித்தார்கள். வல்லாரைக்கு இந்த அளவு பெரிய சோதனை நடக்கவே இல்லை. நல்ல கீரை, நார்ச்சத்து உண்டு, சாப்பிடுங்கள். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம். தட்டில் மலைபோல் குவிகிற வெள்ளைச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் சுகருக்கு நல்லது, சுகருக்கு நல்லது மூளைக்கும் நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பு பற்றிப் பிரஷர்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தூக்கம் பட்டியலில் இடம்பெறவில்லை, ஆனாலும் ஆய்வாளர்கள் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 அரசு ஊழியர்களை 25 வருடம் பின்தொடர்ந்ததில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்காதவர்களுக்கு மறதிநோய் 30 சதவீதம் அதிகம். தூக்கம் குறைந்ததால் நோய் வந்ததா, வரப்போகிற நோயால் தூக்கம் கெட்டதா என்ற கோழி-முட்டைக் கேள்வி இருக்கிறது. வீட்டில் யாராவது பயங்கரமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி எழுந்தால் அதைச் சிரிப்புக்கு விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரஷர் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய அதிசயம் செய்யவில்லை என்று தோன்றும். சேர்த்துச் செய்தால்? ஃபின்லாந்தில் மீயா கிவிபெல்டோ நடத்திய 'ஃபிங்கர்' ஆய்வு அதைத்தான் பார்த்தது. 60 முதல் 77 வயது வரை 1,260 பேர். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர்-கொழுப்புக் கண்காணிப்பு எல்லாம் ஒன்றாக, இரண்டு வருடம். 2015இல் வந்த முடிவில், சோதனை மதிப்பெண் முன்னேற்றம் மறுதரப்பை விட 25 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்து 2025இல் வந்த 'பாயின்டர்' ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதில் ஒரு சுவாரசியம்: கட்டுக்கோப்பாக வகுப்பு வைத்து நடத்திய தரப்பும் முன்னேறியது, 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று விட்ட தரப்பும் முன்னேறியது. முதல் தரப்பு கொஞ்சம் கூடுதல். குழுவாகச் சேர்ந்து செய்ததே பாதி மருந்தோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இரண்டு ஆய்வுகளும் மதிப்பெண்ணைத்தான் அளந்தன. மறதிநோய் வராமல் நின்றதா என்பதைச் சொல்ல இரண்டு வருடம் போதாது.

கடைசியாக ஒன்று. இலங்கைத் தமிழில் முதியவர் தடுமாறினால் 'அறளை பேர்ந்திட்டுது' என்பார்கள். இங்கே 'வயசாச்சு, அப்படித்தான்'. இரண்டு சொல்லும் கதவைச் சாத்திவிடும் சொற்கள். மறதிபோல் தெரிகிற எல்லாமே மறதிநோய் இல்லை. சிலவற்றைச் சரிசெய்ய முடியும். வைட்டமின் பி12 குறைந்தால் நினைவு மங்கும். சைவ உணவுக்காரர்களிடமும், சுகருக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களிடமும் அது குறைவது சகஜம். தைராய்டு மந்தமானாலும் மூளை மந்தமாகும். மனைவியோ கணவரோ போனபின் பேச்சைக் குறைத்து மூலையில் உட்கார்ந்தவருக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். குளியலறையில் லேசாக வழுக்கித் தலை இடித்து, அப்போது ஒன்றும் தெரியாமல், சில வாரம் கழித்து ஆள் குழம்பத் தொடங்கினால், மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். ஸ்கேனில் தெரியும், சிகிச்சையும் உண்டு. பழகிய ரேஷன் கடைக்குப் போகிற வழி தவறுகிறது, சில்லறை எண்ண வரவில்லை, குணமே மாறுகிறது என்றால் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் என்று சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கியதையும் சேர்த்துத்தான். சில சமயம் குழப்பத்தின் காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.